ஹாக்கி மட்டையும் வங்கி மேசையும்

“விளையாட்டு சோறு போடுமா?” இந்தக் கேள்வி நம் வீடுகளில் கேட்கப்படாத நாளில்லை. பாட்டுக் கற்றுக்கொள்ளும் பெண்ணைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்பதில்லை. மயிலாப்பூரில் அது கேட்கக்கூடாத கேள்வியும்கூட. ஆனால் மாலை மணி அடித்த பிறகும் ஹாக்கி மட்டையை ஊன்றிக்கொண்டு மைதானத்தில் நிற்கிற பெண்ணைக் கேட்டுவிடுவார்கள்.

சென்ற வருஷம் நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அரசு விளையாட்டு விடுதியின் தேர்வுக்குப் போக ஆசைப்பட்டாள். விண்ணப்பத்தில் தகப்பனார் கையெழுத்திட வேண்டும். அவர் கோபக்காரர் அல்லர்; தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவர். விண்ணப்பத்தை இரண்டு முறை நிதானமாகப் படித்தார். “இதில் சேர்ந்தால் இருபத்தைந்து வயதில் என் மகள் என்னவாக இருப்பாள்? அதைச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்” என்றார். நமக்கு உடனே பதில் வரவில்லை. உடல் நலம், ஒழுக்கம், கூட்டுணர்வு என்று ஏதேதோ சொன்னோம். அவர் கேட்டது அதுவல்ல என்று நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கடைசித் தேதி கடந்துவிட்டது. அன்று சொல்ல முடியாமற்போன பதிலைத் தேடியதன் பயனே இந்தக் கட்டுரை.

தேடப் புறப்பட்டபோது முதலில் கண்ணில் பட்டது நம் ஊர் ஹாக்கி அல்ல. பனிக்கட்டியின் மேல் ஆடும் ஐஸ் ஹாக்கி. பந்துக்குப் பதிலாகக் கெட்டி ரப்பரால் ஆன ஒரு வட்டு. காலில் கத்தி பொருத்திய சப்பாத்து. பக்கத்துக்கு ஆறு பேர். இருபது இருபது நிமிஷமாக மூன்று பகுதிகள். கானடா நாட்டில் இது ஆட்டம் மட்டுமல்ல, ஒரு உத்தியோகம். தேசிய ஹாக்கி லீக் என்னும் அமைப்பு 1917-ல் மாண்ட்ரியல் நகரில் தொடங்கியது. கிளப்பு ஆட்டக்காரருக்குச் சம்பளம் தரும். ஆட்டக்காரர் ஒப்பந்தப்படி ஆடுவார். வேண்டுமானால் ஒரு கிளப்பு அவரை இன்னொரு கிளப்புக்கு மாற்றிக் கொடுக்கும். வெய்ன் கிரெட்ஸ்கி என்ற புகழ்பெற்ற வீரர் 1978-ல் தம் பதினேழாம் வயதிலேயே சம்பள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 1999-ல் முப்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றார். நம் ஜவுளிக் கடைக் கணக்கர் அந்த ஊரில் இருந்திருந்தால் அவர் கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடைத்திருக்கும். பையனைப் பற்றிக் கேட்டிருந்தால் மட்டும்தான்! பெண்களுக்கென ஒழுங்கான சம்பளத்துடன் வட அமெரிக்காவில் தொடங்கிய தொழில்முறை லீக், முதல் ஆட்டத்தை ஆடியதே 2024 ஜனவரியில்தான்.

நம் ஊரில் ஆடும் ஹாக்கியின் கதை வேறு. பல காலம் ஒலிம்பிக் பந்தயங்களில் அமெச்சூர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்ற விதி இருந்தது. ஆட்டத்துக்காகக் கூலி வாங்குகிறவர் அங்கே கால் வைக்க முடியாது. ஆகவே தேசத்துக்குப் பதக்கம் கொண்டுவந்த நம் வீரர்கள் அனைவரும் வேறு ஏதோ வேலை பார்த்தவர்கள்தாம். இராணுவம், ரயில்வே, போலீஸ், வங்கி ஆகிய இடங்களே நம் ஹாக்கியைத் தாங்கிய தூண்கள். சென்னை லீக் பந்தயங்களில் ஆடும் கோஷ்டிகளின் பெயர்களைப் படித்தாலே இது விளங்கும்: ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, ஏ.ஜி. அலுவலகம். ஊர்ப் பெயரோ பேட்டைப் பெயரோ அல்ல, சம்பளப் பட்டியல் இருக்கும் இடத்தின் பெயர்.

சென்னையைச் சேர்ந்த வி.ஜே. பீட்டர் இராணுவத்தின் மதராஸ் என்ஜினியர் படைப்பிரிவில் இருந்தபடி ஆடியவர். 1960-ல் ரோமில் வெள்ளி, 1964-ல் டோக்கியோவில் தங்கம், 1968-ல் மெக்ஸிகோவில் வெண்கலம் என மூன்று ஒலிம்பிக்கில் மூன்று வகைப் பதக்கங்களும் பெற்றவர். அவர் தம்பி வி.ஜே. பிலிப்ஸ், 1975-ல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று உலகக் கோப்பையைக் கொண்டுவந்த அணியில் இருந்தார். ஒரே வீட்டில் இரண்டு பேர்! நம் சகோதர சகோதரிகள் ரிமோட்டுக்குச் சண்டை போடுவதைப் பார்க்கும் நமக்கு இது சற்று நாணத்தைத் தருகிறது.

எனினும் நாம் பாடமாக எடுத்துக்கொள்ள விரும்புவது வாசுதேவன் பாஸ்கரன் அவர்களின் வாழ்க்கையை. 1950 ஆகஸ்ட் 17 அன்று பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியின் பழைய மாணவர். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் வேலை பார்த்தவர். 1937-ல் தொடங்கி 1969-ல் தேசியமயமான அந்த வங்கியின் தலைமை அலுவலகத்தை அண்ணா சாலையில் பஸ்ஸில் போகும்போது நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். ஹாக்கி வீரருக்கும் அந்தக் கட்டடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றியதே இல்லை.

சம்பந்தம் இதுதான். வங்கி ஒருவரை விளையாட்டுத் தகுதியின் பேரில் எடுத்துக்கொள்கிறது. அவர் வங்கியின் கோஷ்டிக்காக ஆடுகிறார். பந்தயத்துக்கும் பயிற்சி முகாமுக்கும் போகும் நாட்களில் சம்பளத்துடன் விடுப்பு. ஆடாத நாட்களில் மற்ற ஊழியர்களைப் போல மேசைக்குத் திரும்பவேண்டும். ஆட்டம் நின்ற பிறகும் மேசை இருக்கும். இப்படிப்பட்ட ஏற்பாட்டில், ஆடுவதற்காக எந்தக் கிளப்பும் அவருக்குப் பணம் தரவில்லை; ஆனால் ஆடும் காலத்தில் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. அமெச்சூர் என்ற சொல்லுக்கு நம் தேசம் கண்டுபிடித்த உரை இது எனலாம். கோணலான ஏற்பாடுதான் என்று சிலர் சொல்வார்கள். நமக்கோ அது நல்ல ஏற்பாடாகவே தோன்றுகிறது.

பாஸ்கரன் அவர்கள் ஆடிய இடம் இடது ஹாஃப். பார்வையாளர் கண்ணில் அதிகம் படாத இடம் அது. ஹாக்கி மட்டையின் தட்டையான ஒரு பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். உருண்டையான பின்பக்கத்தால் தொட்டால் ஃபவுல். மைதானத்தின் இடது ஓரத்தில் நிற்பவருக்கு எதிர்க் கோஷ்டியின் வலது விங் ஆட்டக்காரர் பந்தைப் பெரும்பாலும் அவருடைய இடது கைப்பக்கமாகவே கொண்டுவருவார். மட்டையைத் திருப்பிப் பிடிக்கவேண்டும், அல்லது கால்களை வேகமாக நகர்த்திப் பந்துக்கு முன்னால் போய் நிற்கவேண்டும். ஆகவே அந்த இடத்துக்குக் கையைவிடக் கால்தான் முக்கியம். சந்தேகமிருந்தால் நம் மைதானத்தில் ஒருமுறை இடது பக்கம் நின்று ஆடிப் பாருங்கள். ஐந்தே நிமிஷத்தில் புரிந்துவிடும்.

1973-ல் ஆம்ஸ்டெல்வீனில் நடந்த உலகக் கோப்பையின் இறுதியாட்டத்தில் ஹாலந்திடம் பெனால்டி அடிகளில் தோற்று வெள்ளி பெற்ற அணியில் அவர் இருந்தார். 1974, 1978 ஆசிய விளையாட்டுகளிலும் வெள்ளிதான். இடையில் 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக். ஐஸ் ஹாக்கியைச் சம்பள உத்தியோகமாக்கிய அதே மாண்ட்ரியலில்தான் நம் ஹாக்கி இடறி விழுந்தது! ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆட்டம் நடந்தது. புல்லில் பந்தைக் கட்டி இழுத்து வளைத்துப் போகும் நம் கலைக்கு அந்தத் தரை ஒத்துழைக்கவில்லை. பந்து வேகமாக ஓடியது. அடிப்பவருக்கும் ஓடுபவருக்கும் காலம் வந்துவிட்டது. 1928 முதல் எந்த ஒலிம்பிக்கிலும் ஹாக்கியில் வெறுங்கையுடன் திரும்பாத இந்தியா, ஏழாம் இடம் பெற்றது.

நான்கு வருஷம் கழித்து மாஸ்கோ. இம்முறை பாஸ்கரன் அவர்களே கேப்டன். உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டுமானால், ஆப்கானிஸ்தான் விவகாரத்தால் பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி போன்ற பலம் வாய்ந்த கோஷ்டிகள் வரவில்லை. ஆறே அணிகள் ஆடின. டான்ஸானியாவை 18-0 என்றும் கியூபாவை 13-0 என்றும் நாம் வென்றதை யாரும் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் போலந்துடனும் ஸ்பெயினுடனும் 2-2 என்று சமன். சோவியத் ரஷ்யாவை 4-2 என்று வென்ற பிறகே இறுதியாட்டம். இவை இனாமாகக் கிடைத்தவை அல்ல.

1980 ஜூலை 29. எதிரே மீண்டும் ஸ்பெயின். சுரீந்தர் சிங் சோதி இரண்டு கோல், கௌஷிக் ஒரு கோல், இந்தியா 3-0. இனி என்ன என்று மூச்சு விடுவதற்குள் ஸ்பெயினின் அமாத் இரண்டு கோல் போட்டுவிட்டார். முகம்மது ஷாஹித் நான்காவது கோல் போட்டார். அமாத் மூன்றாவதும் போட்டார். 4-3. மிச்ச நிமிஷங்கள் முழுவதும் ஸ்பெயின் முட்டிக்கொண்டே இருக்க, நம்மவர்கள் தாங்கிக்கொண்டே இருந்தார்கள். கோல் போட்ட மூவரின் பெயரையும் சொல்லிவிட்டோம். அந்தக் கடைசி நிமிஷங்களில் பந்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்தவர்களின் பெயரை எந்தப் பட்டியலும் தருவதில்லை. கேப்டனுக்கு அன்று வயது 29; முப்பது நிறைய இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. ஹாக்கியில் இந்தியா பெற்ற எட்டாவது ஒலிம்பிக் தங்கம் அது. அதன்பின் பதக்க மேடை ஏற 2021 வரை, நாற்பத்தோரு வருஷம் காத்திருக்க நேர்ந்தது. டோக்கியோவிலும் 2024-ல் பாரிஸிலும் வெண்கலம் கிடைத்தது. தங்கம் இன்றுவரை மாஸ்கோவோடு நிற்கிறது.

அவருக்கு அர்ஜுனா விருதும் 1981-ல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. பிறகு அவர் பயிற்சியாளராகவும் தேசிய அணியை நடத்தினார். 2000-ல் சிட்னியில் போலந்துக்கு எதிராக வெற்றி கைக்கெட்டிய நேரத்தில், ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லாதபோது ஒரு கோல் வாங்கி 1-1 என்று சமனாகி, அரையிறுதி போயிற்று. அந்த அணியின் பயிற்சியாளர் அவரே. இருபது வருஷ இடைவெளியில், தாங்கி நின்ற நிமிஷங்களையும் தாங்க முடியாமற்போன நிமிஷங்களையும் ஒரே மனிதர் பார்த்திருக்கிறார். புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதும்போது, பந்தயத்தில் ஓடுகிறவர்கள் வாடிப்போகும் வெற்றி மாலைக்காக எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று எடுத்துக்காட்டுவது நினைவுக்கு வருகிறது. மாலை வாடும் என்பது சரி. வாடிய மறுநாள் ஓட்டக்காரன் எங்கே வேலைக்குப் போனான் என்பதுதான் நம் கணக்கர் கேட்ட கேள்வி.

வங்கி மேசை இல்லாமலே ஆடிச் சம்பாதித்தவர் உண்டா? உண்டு. தன்ராஜ் பிள்ளை தமிழ்க் குடும்பத்தில், புனே அருகே கட்கியில் 1968-ல் பிறந்தவர். தந்தையார் ஆயுதத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். ஒடிந்த மட்டையைக் கட்டி ஒட்டி ஆடிப் பழகிய பையன், 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக், 1990 முதல் 2002 வரை நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு ஆடி முடித்தார். இந்தியன் ஏர்லைன்ஸில் வேலை இருந்தது. அதோடு ஜெர்மனி, பிரான்ஸ், மலேசியா, வங்கதேசம் ஆகிய நாடுகளின் கிளப்புகளுக்கும் போய் ஆடினார். கானடாவின் ஐஸ் ஹாக்கி வீரரைப் போல ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு நாடு நாடாகப் போன நம்மவர் என்று அவரைச் சொல்லலாம். ஆனால் அவரைப்போல எத்தனை பேர்? நூறாயிரத்தில் ஒருவர் போகிற வழியைக் காட்டி ஒரு தகப்பனாரிடம் கையெழுத்துக் கேட்பது நியாயமாகாது.

இனி பெண்கள். 1980 மாஸ்கோவில்தான் ஒலிம்பிக்கில் மகளிர் ஹாக்கி முதன்முதலாக இடம் பெற்றது. ரூபா சைனி தலைமையில் சென்ற நம் அணியில் எலிசா நெல்சன், செல்மா டிசில்வா, லொரேன் ஃபெர்னாண்டஸ், மார்கரெட் டோஸ்கானோ என்று நம் வகுப்புப் பதிவேட்டில் வரக்கூடிய பெயர்கள் நிறைய! ஆஸ்திரியாவை 2-0, போலந்தை 4-0 என்று வென்றார்கள்; தங்கம் பெற்ற ஜிம்பாப்வேயுடன் 1-1 என்று சமன் செய்தார்கள்; செக்கோஸ்லோவாகியாவிடமும் ரஷ்யாவிடமும் தோற்று நான்காம் இடம் பெற்றார்கள். தங்கம் கொண்டுவந்த ஆண்களின் ஆரவாரத்தில் இந்த நான்காம் இடம் காணாமற்போயிற்று. 1982 டில்லி ஆசிய விளையாட்டில் எலிசா நெல்சன் தலைமையில் தங்கமே வென்றார்கள். இருந்தும் மறுபடி ஒரு ஒலிம்பிக் மைதானத்தில் நம் பெண்கள் இறங்கியது 2016-ல், ரியோவில். முப்பத்தாறு வருஷம்! 1980-ல் ஆடியவர்களின் மகள்கள் ஆடும் வயதையும் தாண்டியிருப்பார்கள்.

இத்தனை காலமும் பெண்களைத் தாங்கிய தூண் பெரும்பாலும் ஒன்றே ஒன்று, ரயில்வே. தேசியப் பந்தயங்களில் ரயில்வே மகளிர் அணி அசைக்கமுடியாத அணியாக இருந்ததற்குக் காரணம் வேறொன்றுமில்லை. நன்றாக ஆடிய பெண்ணுக்கு வேலை கொடுத்த கதவு அதுவாக இருந்தது. ஆண்களுக்குத் திறந்திருந்த மற்றக் கதவுகள் பெண்களுக்குத் திறக்க நாளாயிற்று. தொழில்முறைப் பந்தயமும் அப்படியே. ஹாக்கி இந்தியா லீக் ஆண்களுக்கு 2013-ல் வந்தது. மகளிருக்கு 2025 ஜனவரியில் ராஞ்சியில் முதன்முறை நடந்தது, நான்கு அணிகளுடன். தமிழ்நாட்டின் பெயரில் ஆண்கள் அணி இருந்தது. மகளிர் அணி இல்லை. அந்த லீக்கின் ஏலத்தில் ஆண்களில் அதிகத் தொகை ஹர்மன்பிரீத் சிங்குக்கு 78 லட்சம். பெண்களில் உதிதாவுக்கு 32 லட்சம். வித்தியாசத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாலும், ஒரு பெண் ஹாக்கி ஆடி 32 லட்சம் பெறுவாள் என்று நம் பாட்டிமாரிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஐஸ் ஹாக்கியிலும் நம் பெண்கள் இருக்கிறார்கள் என்பதை விட்டுவிடக்கூடாது. லடாக்கில் குளிர்காலத்தில் உறைந்த குளங்களே மைதானம். வருஷத்தில் சில வாரம் மட்டுமே பயிற்சி. 2016-ல் முதன்முதலாகச் சர்வதேசப் பந்தயத்தில் இறங்கிய இந்திய மகளிர் அணி, தொடக்கத்தில் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டிப் பயணம் போனது. 2025-ல் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது. அவர்களுக்குப் பனி இல்லாத மாதங்கள் தடை. நமக்கு என்ன தடை?

நமக்குத் தரை தடை என்று சொல்லலாம். பள்ளி மைதானம் மண். பந்தயம் செயற்கைத் தரையில். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் 1995-ல் தெற்காசிய விளையாட்டையொட்டிச் செயற்கைத் தரை போட்டார்கள். 1996-ல் சாம்பியன்ஸ் கோப்பையும், 2023-ல் இந்தியா மலேசியாவை 4-3 என்று வென்ற ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையும் அங்கேதான் நடந்தன. 2023 அணியில் ஆடிய கார்த்தி அரியலூர்க்காரர். கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயின்றவர். அரியலூரிலிருந்து கோவில்பட்டி போய்த் தங்கிப் படித்த பையனை நினைத்தால், தியாகராய நகரிலிருந்து எழும்பூர் போவது ஒரு தூரமா? மாம்பலத்தில் ரயில் ஏறினால் கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, அடுத்தது எழும்பூர். அடையாற்றுப் பெண்ணுக்குக் கொஞ்சம் சுற்றுவழி, அவ்வளவே.

ஆகவே அந்தத் தகப்பனாருக்கு நாம் சொல்லக்கூடிய பதில் இது. உங்கள் மகள் தேசிய அணி வரை போனால், இருபத்தைந்து வயதில் பெரும்பாலும் ரயில்வேயிலோ அதுபோன்ற நிறுவனத்திலோ மாதச் சம்பளம் வாங்குவாள். லீக்கில் எடுத்தால் கூடுதல் வரும்படி. மாநில அளவோடு நின்றால், விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கக்கூடும். வேலைக்கு மனுப் போடும்போது அந்தச் சான்றிதழ் கைகொடுக்கும், ஆனால் அது வேலைக்கு உத்தரவாதம் அல்ல. பத்தொன்பது வயதில் முழங்கால் பிசகினால், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் துணை. அதனால் புத்தகத்தை மூடச் சொல்ல எங்களால் முடியாது. பாஸ்கரன் அவர்களுக்கும் மட்டையோடு மேசையும் இருந்தது. இதில் மிகைப்படுத்திச் சொன்னது எதுவுமில்லை.

விண்ணப்பம் இவ்வருஷமும் வந்திருக்கிறது. அவள் இப்போது பத்தாம் வகுப்பு. ஆண்டு மலருக்கு அனுப்புமுன் இந்தக் கட்டுரையின் பிரதியை அவள் தகப்பனாரிடம் கொடுத்தோம். வழக்கம்போல் இரண்டு முறை படித்தார். கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “காலையில் மாம்பலத்திலிருந்து எழும்பூருக்கு முதல் ரயில் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.